ஜீப் வரைக்கும் வராத செவலை

"செவலை இன்னைக்கு ஜீப் வரைக்கும் வரலப்பா."

மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா, தூக்குவாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு முதலில் சொன்னது இதைத்தான். கையைக்கூடக் கழுவவில்லை.

எங்கள் ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை. கம்பத்தைத் தாண்டி, லோயர் கேம்ப்புக்கு முன்னால் இருக்கிற தேனி மாவட்டத்துக் கூடலூர். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கேரளத்து மலை. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் மலையேறும். அம்மா இருபது வருஷத்துக்கும் மேலாக அப்படிக் காய் எடுக்கப் போகிறார். செவலை எங்கள் வீட்டு நாய், 11 வயது. குட்டியாக இருந்த நாளிலிருந்து, இருட்டோடு இருட்டாக அம்மாவை ஜீப் நிற்கிற முக்குவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஜீப்பின் பின்விளக்கு மறைந்த பிறகுதான் வீடு திரும்பும். மழையிலும் போயிருக்கிறது. குட்டி போட்ட மறுவாரமும் போயிருக்கிறது. அதன் தாய் கோம்பைப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த ஊர்ப் பெயரையே கொண்ட வேட்டைநாய் இனத்தின் சாயல், செம்மண் நிறமும் கருத்த மூஞ்சியுமாக, இதற்கும் கொஞ்சம் உண்டு. அந்த நாய் ஒரு நாள் ஜீப் வரைக்கும் போகவில்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். கூப்பிட்டதும் எழுந்தது. ஆனால் எழுவதற்கு முன்னால் ஒரு யோசனை இருந்தது. இடது முன்னங்காலை ஊன்றியும் ஊன்றாமலும் தாங்கித் தாங்கி நடந்து வந்தது. வால் மட்டும் எப்போதும்போல ஆடியது.

அன்று சாயங்காலம் எங்கள் திண்ணையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். "அதுக்கும் வயசாயிருச்சுல்லப்பா, நமக்கு மூட்டு வலிக்கிற மாதிரிதான்," என்றார் சித்தப்பா. எதிர்வீட்டு அத்தை நல்லெண்ணெயைச் சூடுபண்ணி நீவிவிடச் சொன்னார். இன்னொருவர், "மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரை வாங்கிப் பாதிய உடைச்சு சோத்துல வச்சுக் குடு, காலைல ஓடும்," என்றார். எல்லாரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கடைசி யோசனையைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

காரணம் மணி. 2009-ல் எங்கள் வீட்டில் இருந்த கறுப்பு நாய். அதுவும் வயதான காலத்தில் ஒரு நாள் பின்னங்காலை இழுத்தது. நானே கடைக்குப் போய், மனிதர்களுக்குக் கொடுக்கிற ஐபுப்ரூஃபென் கலந்த மாத்திரையை வாங்கிவந்து, காலை பாதி மாலை பாதி என்று நாலு நாள் கொடுத்தேன். முதல் நாள் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் சோறு வேண்டாம் என்றது. அப்புறம் வாந்தி, தார் போலக் கறுத்த மலம். ஏழாம் நாள் செத்துப்போனது. கறுத்த மலம் என்றால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்; அது தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. நான் கொடுத்த மாத்திரைதான் மணியைக் கொன்றது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே இரைப்பையின் உள்சுவரைக் காக்கிற சுரப்பையும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தையும் சேர்த்தே குறைக்கின்றன. நம் உடல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். நாயின் உடலிலிருந்து அவ்வளவு சீக்கிரம் அது கழிந்து போவதில்லை. பாராசிட்டமாலும் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொரு உயிருக்கு நஞ்சு என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தவே இந்தியாவில் தடை போட்டார்கள். நாய்க்கென்று மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலிமருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடை பார்த்து, வயதான நாய் என்றால் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கின்றன என்று ரத்தத்தில் பார்த்த பிறகுதான் மருத்துவர் கொடுப்பார். நாய் திடீரென்று நொண்டினால் என்ன செய்வது என்று என்னிடம் யார் கேட்டாலும், முதலில் நான் சொல்வது செய்யக்கூடாததைத்தான்: வீட்டில் இருக்கிற மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்.

சரி, அன்றிரவு என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

முதலில் செல்போனில் வீடியோப் படம் எடுத்தேன். தம்பி கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்த, பக்கவாட்டில் ஒரு முறை, எதிரே வருவது போல ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை. இது ஏன் முக்கியம் என்றால், வீட்டில் நொண்டுகிற நாய் மருத்துவர் மேசையைப் பார்த்ததும் பயத்தில் வலியை மறைத்துக்கொண்டு நேராக நடந்துவிடும். முன்னங்காலில் வலி என்றால் தலையைக் கவனிக்க வேண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பு ஒரு பக்கமாக ஏறி இறங்கும். நேரில் பார்க்கும்போது பிடிபடாதது, படத்தை மெதுவாக ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

அப்புறம் தொட்டுப் பார்ப்பது. அதற்கு முன்னால் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அதன் வாயைத் தளர்வாகச் சுற்றிக் கட்டினேன். "நம்ம செவலையா கடிக்கப் போகுது?" என்று அம்மாவுக்கு வருத்தம். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். அது அதன் குற்றமில்லை. மூச்சு வாங்குகிற நாய்க்கும், வாந்தி எடுக்கிற நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டக்கூடாது. ஒருவேளை கடித்துவிட்டால், வருஷா வருஷம் ஊசி போட்ட நாயே ஆனாலும், சோப்புப் போட்டு 15 நிமிஷம் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வலிக்காத காலிலிருந்து ஆரம்பித்தேன். எது அதற்கு இயல்பு என்று தெரிந்தால்தானே எது மாறியிருக்கிறது என்று தெரியும். பாதத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டத்து வேலிகளில் கருவேல முள் கிடக்கும். நெருஞ்சி கேட்கவே வேண்டாம். விரல் இடுக்கு, உள்ளங்கால் மெத்தை, நகம் பிளந்திருக்கிறதா, தரையில் படாமல் தேயாமல் வளர்கிற கட்டைவிரல் நகம் சுருண்டு சதைக்குள் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக. வயதான நாய்களுக்கு இந்த நகம் பெரிய தொந்தரவு, யாரும் கவனிப்பதில்லை. எதுவும் இல்லை. மேலே போனேன். மணிக்கட்டு மூட்டு லேசாகச் சூடாக இருந்தது. மடக்கியபோது செவலை முனகவில்லை, ஆனால் உதட்டை நக்கிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டது. நாய் 'வலிக்கிறது' என்று சொல்கிற விதம் பெரும்பாலும் அதுதான். கத்தவில்லை, அதனால் வலியில்லை என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு.

அப்போதே வண்டி பிடித்துக் கிளம்ப வேண்டிய நிலைமைகள் சில உண்டு. காலைத் தரையில் வைக்கவே முடியாமல் தொங்கவிட்டிருந்தால். கால் கோணலாகத் திரும்பியிருந்தால். பின்னங்கால் இரண்டும் துவண்டாலோ, பாதத்தின் மேற்புறம் தரையில் உரச நடந்தாலோ அது முதுகெலும்புச் சமாச்சாரம், மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கால் சில்லிட்டிருந்தாலும் அப்படியே. புல்லுக்குள் போய்விட்டு வந்து பாதமோ காலோ மளமளவென்று வீங்கினால் விரியன் கடியாக இருக்கலாம். கட்டுப் போடுவது, கீறி விடுவது எதுவும் வேண்டாம், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தூக்குவதற்கு வீட்டில் ஸ்ட்ரெச்சர் தேவையில்லை. ஒரு பலகை, இல்லையென்றால் இரண்டு பேர் நான்கு முனையையும் இழுத்துப் பிடித்த சாக்கு போதும்.

செவலைக்கு இவை எதுவும் இல்லை. காலை ஊன்றியது, சோறும் பாதி தின்றது. இந்த மாதிரி லேசான நொண்டலுக்கு ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஓய்வு என்றால் கட்டிப்போட்ட ஓய்வு. ஒன்றுக்கு இரண்டுக்குக் கயிற்றோடு கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். திண்ணை ஏறுவது, பூனையைத் துரத்துவது எல்லாம் கிடையாது. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிஷம் மூட்டில் வைத்தேன். புது வீக்கத்துக்குச் சூடு வைக்கக் கூடாது, நீவவும் கூடாது. அத்தையின் நல்லெண்ணெயை அதனால்தான் மறுத்தேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்.

மறுநாள் விடியற்காலை அம்மா கிளம்பும்போது செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. அம்மா திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இடது முன்னங்கால் பரவாயில்லை. நான் நிம்மதிப்பட்டேன். அடுத்த கணம் பார்த்தால் வலது பின்னங்காலைத் தூக்கிப் பிடித்திருந்தது.

இது என்னை உலுக்கிவிட்டது. முள் குத்தினால் ஒரு காலில் குத்தும். சுளுக்கு என்றால் சுளுக்கிய இடத்தில் இருக்கும். நொண்டல் காலுக்குக் கால் இடம் மாறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஒரு காலில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததில் 103.8. நாய்க்கு இயல்பான சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. காது மடலைத் திருப்பினால், உள்ளே மிளகு போல மூன்று உண்ணிகள்.

மறுநாள் காலை ஆட்டோ வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஊரில் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம்; மலையேறிக் குமுளிக்குப் போனால் மிருகாசுபத்ரி. சினை பார்க்க வந்த மாடுகளுக்கு நடுவில் செவலை படுத்திருந்தது. டாக்டரம்மா முதலில் செல்போன் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "எந்தக் கால் முதல்ல? எத்தனை நாள்ல மாறுச்சு? மூக்குல ரத்தம் வந்துச்சா?" என்று வரிசையாகக் கேட்டார். வயிற்றுத் தோலைப் பிரித்துச் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினார். மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

ரத்தம் எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரேவுக்குத் தேனிக்கு அனுப்பினார். ஏன் எக்ஸ்ரே என்று கேட்டேன். வயதான நாய் நொண்டினால் எலும்புப் புற்றையும் விலக்கியாக வேண்டும் என்றார். பெரிய உடம்புள்ள நாய்களுக்கு அது அதிகம் வரும். முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலேயும் தோள்பக்கமும், பின்னங்காலில் முழங்காலை ஒட்டியும் எலும்பு அரித்தது போலப் படத்தில் தெரியும். ஆரம்பத்தில் வலிமருந்துக்குக் கேட்பது போல நடித்து, பிறகு லேசான துள்ளலுக்கே எலும்பு முறிந்து போகும். ஆட்டோவில் தேனி போகிற வழி முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் தாண்டியது எப்போது என்று தெரியவில்லை.

புற்று இல்லை. முழங்கை மூட்டின் ஓரத்தில் எலும்பு முள் முள்ளாக வளர்ந்திருந்தது. அது மூட்டுத் தேய்மானம். ஆக, சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை. ஆனால் ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் 58 ஆயிரம்தான். டெங்கு வந்தால் நமக்குப் பார்ப்பார்களே, அதேதான். நாய்க்கு ஏறக்குறைய இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். எர்லிக்கியா என்ற கிருமி. உண்ணி கடித்துப் பரப்புகிற காய்ச்சல். மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில்கூட, சத்தமில்லாமல் உள்ளே இருந்துவிட்டுப் பிறகு தலையெடுக்கும். அது மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும். அதனால்தான் இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால்.

58 ஆயிரம் தட்டணு இருக்கிற நாய்க்கு, வயிற்றில் புண் உண்டாக்குகிற அந்தப் பாதி மாத்திரையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உறையவே சிரமப்படுகிற ரத்தம், வயிற்றுக்குள் கசிய ஆரம்பித்தால் நின்றிருக்குமா? மணிக்கும் இப்படித்தான் ஏதோ இருந்திருக்குமோ என்று அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

வயது என்பது பொய்யான பதில் இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். குமுளியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டு லாப்ரடார் விஷயத்திலும் இதுவே நடந்தது. 8 வயது, நல்ல குண்டு. படியிலிருந்து குதித்து பின்னங்காலைத் தூக்கியது. 'சதைப்பிடிப்பு, வயசு' என்று மூன்று வாரம் விட்டுவிட்டார்கள். பார்த்தால் முழங்காலுக்குள் இருக்கிற சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. மருத்துவர் தொடையெலும்பை ஒரு கையிலும் கீழெலும்பை ஒரு கையிலும் பிடித்து அசைக்க, மேசை இழுப்பறை போலக் கீழெலும்பு முன்னால் நகர்ந்ததாம். சின்ன நாய்களுக்கு ஓய்விலேயே ஓரளவு தேறும். அந்த எடைக்கு அறுவைதான் என்று திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். ஒரு முழங்காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்ற முழங்காலிலும் பின்னால் அறுகிறது என்பதால், அக்கா இப்போது அதன் சோற்றை அளந்து வைக்கிறாள். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கால் பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளியே வந்தது. பாசத்தில் கூடுதலாக வைக்கிற ஒரு கரண்டி சோறு நாயின் முழங்காலில்தான் போய் உட்கார்கிறது.

செவலைக்கு அந்தக் கிருமிக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். மூன்றாம் நாளே துள்ளியது, ஆனாலும் 28 நாளும் கொடுத்தோம். டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார்: பாலிலோ தயிர்சோற்றிலோ வைத்துக் கொடுக்காதீர்கள், அந்தச் சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் மாத்திரை என்றாலே தயிர்சோற்று உருண்டைதானே. நாங்கள் கோழிக்கறித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தோம். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும்.

உண்ணி மலைக்காட்டிலிருந்து தன் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்று அம்மா அழுதே விட்டார். இல்லை. நாயுண்ணிக்குக் காடு தேவையில்லை; அது நம் வீட்டில்தான் வாழ்கிறது. ரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. செவலை படுக்கிற கொல்லைச் சுவரில், கண்ணெதிரே பத்து வருஷமாக இருந்த விரிசல்களைத் தம்பி சிமெண்ட் பூசி அடைத்தான். பழைய சாக்கை எரித்தோம். மாதத்துக்கு ஒரு முறை உண்ணி மருந்து. அதை வீட்டு நாய்க்கு மட்டும் கொடுத்தால் போதாது என்பதால் தெருவில் கூடப் படுக்கிற இரண்டு நாய்களுக்கும் சேர்த்தே வாங்குகிறேன்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரை. வழுக்குகிற தரையில் தேய்ந்த மூட்டோடு நடப்பது அதற்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் உறைக்கிறது. அது நடக்கிற தடம் முழுக்க ஏலக்காய்ச் சாக்கை வெட்டி விரித்திருக்கிறோம். வீடு பார்க்க எப்படியோ இருக்கிறது, இருக்கட்டும்.

ஆறாவது வாரம் மறுபடி ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. முழங்கை தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. தினமும் இரண்டு முறை, தூரம் குறைத்துக் கொஞ்சம் நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஜீப் நிற்கிற முக்கு அந்தக் கணக்குக்குத் தூரம். அதனால் பாதிவழியில் இருக்கிற வேப்பமரம் வரை என்று நாங்கள் முடிவு செய்தோம். செவலை ஒத்துக்கொள்ளவில்லை, மரத்தடியில் நின்று முக்கைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் அம்மா ஜீப் ஓட்டுகிற தம்பியிடம் பேசினார். இப்போது விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப் வேப்பமரத்தடிக்கே வந்து நிற்கிறது. உள்ளே இருக்கிற பெண்கள், "ஏறுக்கா, உன் காவக்காரன் விட்டுட்டான்," என்று கூப்பிடுகிறார்கள். செவலை பெட்டைநாய் என்று அம்மா ஒவ்வொரு நாளும் அவர்களைத் திருத்துகிறார்.